மரக்கூடும் மின்கலமும்: கைவிளக்கு வரலாற்றின் ஓர் இயல்

கையில் எடுத்துச் செல்லும் மின்விளக்கின் வரலாறு, மின்கலத்தைக் கண்டவர்களின் வரலாறாகவோ மின்குமிழைக் கண்டவர்களின் வரலாறாகவோதான் பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்விரண்டையும் அசையாமல் பிடித்து நிறுத்தி, இடையில் ஒரு விசையை வைத்து, மழைக்கும் குலுக்கலுக்கும் ஈடுகொடுத்து, கைக்கு அடக்கமாக ஆக்கித் தந்த கூட்டைப் பற்றி நூல்கள் ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை. கூடு இல்லாத வரையில் மின்கலமும் குமிழும் மேசைமேல் கிடக்கும் உறுப்புகள் மட்டுமே. இருட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய விளக்காக அவற்றை மாற்றியது கூடுதான். அந்தக் கூட்டை மரத்தில் செய்த காலம் ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா நகரத்துச் சிறு பட்டறை ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த மரக்கூட்டு சைக்கிள் விளக்கு அக்காலத்தின் சிறந்த சான்றாகும். உலோகத்துக்கு வழியில்லாதவர்கள் கைக்கொண்ட மாற்றுப்பொருளே மரம் என்று கருதுவது எளிது. ஆனால் விளக்கின் உள்ளுறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை நோக்கினால், அந்தப் பணிக்கு வேண்டிய குணங்கள் பலவும் மரத்தில் இயல்பாகவே அமைந்திருந்தன என்பதும், அது பின்னர் விலகியதற்கு அதன் குறைபாடு காரணம் அன்று என்பதும் தெளிவாகும்.

பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866-இல் காப்புரிமை பெற்ற மின்கலத்திலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசலை நிரப்பி, அதில் ஒரு துத்தநாகக் கோலையும், மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்து அடைத்த நுண்துளை மண்குடுவைக்குள் நாட்டப்பட்ட கரித்தண்டையும் நிறுத்திய அமைப்பு அது. தந்தி நிலையங்களுக்கும் அழைப்பு மணிகளுக்கும் அது பல பத்தாண்டுகள் உழைத்தது என்றாலும், சாய்த்தால் சிந்தும் பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு எவரும் நடக்க முடியாது. 1886-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மருத்துவரான கார்ல் காஸ்னர், நவச்சாரக் கரைசலைப் பாரிஸ் சாந்தோடு குழைத்துக் கெட்டியாக்கி, துத்தநாகத்தையே குவளையாக வார்த்து, அந்தக் குவளையைக் கலத்தின் கொள்கலமாகவும் எதிர்மின்வாயாகவும் ஒருங்கே பயன்படுத்தினார். 'உலர் மின்கலம்' என்று அது பெயர் பெற்றபோதிலும் உள்ளே இருப்பது ஈரப்பசைதான். சிந்தாத ஈரம் என்பதே அதன் சிறப்பு. அமெரிக்காவின் நேஷனல் கார்பன் கம்பெனி 1896-இல் கொலம்பியா என்னும் பெயரில் 6 அங்குல உயரமும் 1.5 வோல்ட்டு அழுத்தமும் உடைய உலர் மின்கலத்தைப் பெருந்தொகையில் செய்து விற்கத் தொடங்கியதும், தொழிற்சாலையில் செய்த மின்சாரம் கடையில் வாங்கக்கூடிய சரக்காயிற்று.

கலங்களை ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரு முனையில் குமிழும் பிரதிபலிப்பியும் வைத்த விளக்குக்கு டேவிட் மிசெல் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1899 ஜனவரி 10 அன்று வழங்கப்பட்டது. ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட் நியூயார்க்கில் நடத்திய நிறுவனத்தின் உடைமையாக அந்த உரிமை அமைந்தது. எவரெடி என்னும் வணிகப்பெயரும் அந்த நிறுவனத்தின் வழியே வளர்ந்ததுதான். அந்த முதல் விளக்குகளின் உடல் காகிதத்தாலும் நாரட்டையாலும் ஆனது. முனைகளில் மட்டும் பித்தளை மூடிகள் இருந்தன. அக்காலத்துக் கரியிழைக் குமிழ் மின்னோட்டத்தை அளவின்றி உறிஞ்சியதால், விசையை அழுத்தி நொடிப்பொழுது ஒளியைப் பெற்று உடனே விட்டுவிடுவதே வழக்கமாயிற்று. கலம் சற்று ஓய்ந்தால் மீண்டும் தெம்பு பெறும் என்பதைப் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். அதன் வேதியியல் காரணம் ஒசாகா விளக்கின் கதையில் மீண்டும் எதிர்ப்படும்.

அக்காலத்து மின்சாதனங்களில் மரம் எங்கும் நிறைந்திருந்தது. தந்திக்கருவிகள் வழவழப்பாக இழைத்த மரப்பலகைகளின் மேல் திருகப்பட்டிருந்தன. சுவர்த் தொலைபேசிகள் ஓக், வால்நட் மரப்பெட்டிகளில் வந்தன. 1920-களில் வானொலி ஆர்வலர்கள் சமையலறைப் பலகையின் மேலேயே உறுப்புகளைத் திருகித் தங்கள் ஏற்பிகளைக் கட்டினர். தமிழகத்துப் பழைய வீடுகளில் இரண்டு பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் கம்பிகளை ஓட்டி மேலே மரப்பட்டியால் மூடும் 'கேசிங் கேப்பிங்' முறையையும், விசைகளுக்கு அடியில் பொருத்திய வட்ட மரக்கட்டைகளையும் கண்டவர்கள் இன்னும் இருக்கின்றனர். நன்கு உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாமல் தடுக்கும் காப்புப்பொருளாகும். ஆனால் அதன் தடை ஈரத்தைப் பொறுத்து வியக்கத்தக்க அளவில் மாறும்: சூளையில் முற்றும் உலர்த்திய மரத்துக்கும், எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீர் ஊறிய மரத்துக்கும் இடையே மின்தடையின் வேறுபாடு கோடிக்கணக்கான மடங்காகும். எனவேதான் கைவினைஞர்கள் மரத்துக்கு அரக்கு மெழுக்கு பூசினர்; சிலர் உருக்கிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்தனர். வீட்டு மின்கம்பியின் உயர் அழுத்தத்தில் ஈரமும் தீயும் உண்மையான ஆபத்துகள் என்பதால், பீங்கானும் பேக்கலைட்டும் வந்தவுடன் மரம் அங்கிருந்து நீக்கப்பட்டது சரியே. ஆனால் 3 அல்லது 4.5 வோல்ட்டில் இயங்கும் கைவிளக்குக்கு அந்த வாதம் செல்லாது. மழைக்கால ஈரத்தில் சற்றே தளர்ந்த மரமும் அவ்வளவு சிறிய அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. உலோகக் குழாயில் கலத்தைச் சுற்றி அட்டை உறை வேண்டும், விசையின் அடியில் நார்த்தகடு வேண்டும். மரக்கூட்டில் திருகாணியை எந்த இடத்தில் முடுக்கினாலும் அந்த இடமே மின்முனைக்கு ஏற்ற இடமாகிவிடும்.

கைக்கருவிகளை மட்டும் கொண்டு இத்தகைய கூட்டைச் செய்யும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் உதவும். இன்று பெரிய டார்ச் லைட்டுகளில் இடும் டி அளவுக் கலம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் விட்டமும் 61 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இரண்டு கலங்களை அடுக்க 122 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அவ்வளவு அகலமும் ஆழமும் உள்ள துளையைக் கைத்துரப்பணத்தால் இடுவது மிகக் கடினம். அலகு நாரின் போக்கைத் தொடர்ந்து கோணி, ஒரு பக்கச் சுவரைக் கிழித்துவிடும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் குடைந்து நாதசுரம் செய்வோரின் கைத்திறன் அத்தகையது. அது எல்லாத் தச்சருக்கும் வாய்ப்பதன்று. ஆகவே கட்டையை நெடுக்கில் இரண்டாக அறுத்து, அறுத்த முகங்களை இழைப்புளியால் ஒளிக்கீற்றும் நுழையாதபடி ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, ஒவ்வொரு பாதியிலும் வளைந்த வாயுள்ள உளியால் அரைவட்டப் பள்ளம் தோண்டுவதே வசதியான வழியாகும். கலத்தின் மேல் சுண்ணப்பொடியைத் தடவிப் பள்ளத்தில் வைத்து உருட்டினால் மேடான இடங்களில் மட்டும் வெண்மை ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்து, உப்புத்தாள் இட்டு, இரு பாதிகளையும் வச்சிரத்தால் ஒட்டிக் கயிற்றால் இறுகக் கட்டி உலரவிட வேண்டும். ஒட்டிய பிறகு வெளிப்புறத்தின் நான்கு மூலைகளையும் இழைத்து எட்டுப் பட்டையாகவும், பின்னர் பதினாறாகவும் ஆக்கினால், கடைசல் பொறி இல்லாமலேயே உருளை வடிவம் கைகூடும்.

உள்ளே செல்லும் உலோகம் மிகச் சிறிது. பின்மூடியில் ஒரு சுருள்வில், அதிலிருந்து கூட்டின் பள்ளம் வழியே முன்பக்கம் வரை ஓடும் பித்தளைப் பட்டி, அந்தப் பட்டியின் நடுவே வெட்டுவிட்டு ஒரு முனையைச் சற்றுத் தூக்கி வளைத்துத் திருகாணித் தலையின் மேல் விரலால் அழுத்தும்படி அமைத்த விசை ஆகியவை போதும். குமிழின் திருகுமரைக்குத் தனி உறை கிடைக்காவிடில், அதே மரையின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி எடுத்த சுருளே உறையாகும். மரம் ஈரத்தால் அகலவாக்கில் உப்பவும் சுருங்கவும் செய்யுமே ஒழிய நீளவாக்கில் பெரும்பாலும் மாறாது என்பது இங்கே கைகொடுக்கிறது: கலங்கள் நார் ஓடும் திசையில் அடுக்கப்படுவதால் வில்லுக்கும் குமிழுக்கும் இடையிலான தூரம் கோடையிலும் மழையிலும் ஒன்றாகவே இருந்து, தொடர்பு விட்டுப்போகாமல் நிற்கும். துத்தநாகக் குவளை அரித்துப்போய்க் கசியத் தொடங்கும்போது பித்தளை பச்சைப்பிடித்து மின்தொடர்பைக் கெடுக்கும். மரமோ அந்தக் கசிவை உறிஞ்சிக்கொள்ளும், சுரண்டி மெழுகிட்டால் மீண்டும் உதவும்.

மேற்சொன்ன வேலையில் உலை இல்லை, அச்சு இல்லை, அழுத்துபொறி இல்லை என்பது வரலாற்றுக்கு முக்கியமானது. புதிய கருத்து ஒன்று தோன்றும்போது அதன் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது எவருக்கும் தெரிவதில்லை. பல முறை செய்து, கெடுத்து, மாற்றிச் செய்தாக வேண்டும். தகட்டை அச்சில் அழுத்திச் செய்யும் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய எஃகு அச்சு வேண்டும். மரத்தில் அதே மாற்றத்துக்கு உளியும் ஒரு நாள் உழைப்பும் போதும். ஒசாகாவின் விளக்கு பிறந்தது இத்தகைய நிலையில்தான்.

அதைச் செய்த கோனோசுகே மத்சுஷிதா 1894-இல் வாகாயாமா பகுதியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போனதால் ஒன்பது வயதில் ஒசாகாவுக்குப் பணிப்பயிற்சிச் சிறுவனாக அனுப்பப்பட்டு, முதலில் கணப்புச்சட்டிகள் விற்கும் கடையிலும், பின்னர் ஒரு சைக்கிள் கடையிலும் வளர்ந்தார். அக்காலத்தில் சைக்கிள் ஜப்பானில் விலையுயர்ந்த புதுமை. கடையோடு பழுதுபார்க்கும் பட்டறையும் இணைந்திருந்ததால் உலோகவேலையும் அவர் கைக்கு வந்தது. 1910-இல் ஒசாகா மின்விளக்கு நிறுவனத்தில் சேர்ந்து வீடுகளுக்குக் கம்பியிழுக்கும் வேலை செய்தார். 1917-இல் அதை விட்டு வெளியேறி, தாமே வடிவமைத்த குமிழ்த்தாங்கியைச் செய்ய முனைந்தபோது, காப்புப்பொருளை எவ்வாறு கலந்து வார்ப்பது என்பதே அவருக்கும் கூட்டாளிகளுக்கும் தெரியவில்லை. தொழிற்சாலைகளின் வெளியே எறியப்பட்ட துண்டுகளைப் பொறுக்கிவந்து ஆராய்ந்து அந்தக் கலவையைக் கற்றனர். குமிழ்த்தாங்கி விற்கவில்லை, அந்த ஆண்டின் இறுதியில் மின்விசிறிகளுக்கான 1,000 காப்புத்தட்டுகளுக்குக் கிடைத்த ஆணையே அவர்களைக் காப்பாற்றியது. 1918 மார்ச் 7 அன்று, மனைவி முமேனோ, மைத்துனர் தோஷியோ இயூவே ஆகியோரோடு அவர் தொடங்கிய பட்டறையே பிற்காலத்தில் பானசோனிக் ஆயிற்று. காப்புப்பொருளின் அருமையைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் விளக்குக்கு மரக்கூட்டைத் தேர்ந்தது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

சைக்கிளில் செல்வோர் இரவில் ஏற்றியவை மெழுகுவத்திக் கூண்டும் எண்ணெய் விளக்கும் அசெட்டிலின் வாயு விளக்குமே. முதல் இரண்டும் காற்றில் அணைந்தன. மூன்றாவது விலையும் பராமரிப்பும் மிகுந்தது. மின்கல விளக்குகள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் அவை 2 அல்லது 3 மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டதால் எவரும் நம்பவில்லை. மத்சுஷிதா ஏறத்தாழ ஆறு மாதம் முயன்று, நூற்றுக்கு நெருங்கிய மாதிரிகளைச் செய்து பார்த்து, பீரங்கிக் குண்டின் வடிவில் ஒரு விளக்கை அமைத்தார். அதன் கூடு மரத்தாலானது. உள்ளே அதற்கெனத் தொகுத்த மூன்று கலங்கள். அந்த வேளையில் சந்தைக்கு வந்திருந்த சிறிய குமிழை அவர் கண்டுகொண்டதுதான் திருப்பமாக அமைந்தது. பழைய குமிழ்கள் 400 முதல் 500 மில்லிஆம்பியர் வரை உண்டபோது, 'பயறுக் குமிழ்' என்று ஜப்பானியர் அழைத்த புதியது 120 அல்லது 130 மில்லிஆம்பியரோடு நின்றது. விளைவாக அவ்விளக்கு 30 மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தது.

மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆயுள் நான்கு மடங்காக வேண்டும் என்பது எளிய கணக்கு. ஆனால் அது பத்து மடங்குக்கு மேல் உயர்ந்ததற்குக் கலத்தின் பெரிய அளவோடு அதன் வேதியியலும் காரணமாகும். மின்னோட்டம் பாயும்போது கரித்தண்டின் மேல் ஹைட்ரஜன் சேர்ந்து தடையை உண்டாக்கும். மாங்கனீசு டை ஆக்சைடு அதை மெல்ல மெல்ல அகற்றும். அகற்றும் வேகத்தைவிடச் சேரும் வேகம் மிகுந்தால், துத்தநாகம் தீராத நிலையிலேயே கலம் சோர்ந்துவிடும். நியூயார்க்கின் கைவிளக்கு நொடிக்கணக்கில் மட்டும் மின்னியதும், விட்டுவிட்டு எரித்தபோது நீடித்ததும் இதனாலேயே. சிறிய குமிழ், கலம் தாங்கக்கூடிய வேகத்திலேயே மின்னோட்டத்தைக் கேட்டதால், தொடர்ந்து எரியும் விளக்கு முதன்முறையாகச் சாதாரண மனிதரின் செலவுக்குள் வந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் மெழுகுவத்தியைவிடவும் செலவு குறைவு. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், கிடைத்த மூன்று பொருள்களின் அளவுகளை ஒன்றுக்கொன்று இசையச் செய்த இந்தச் செயல், பல காப்புரிமைகளைவிட மதிக்கத்தக்கது.

கைவேலை மரத்தொழில் ஜப்பானில் ஆழ வேரூன்றியிருந்ததும் இதற்குத் துணையாயிற்று. இரம்பத்தையும் இழைப்புளியையும் தள்ளாமல் தம்பக்கம் இழுத்து வேலை செய்வது ஜப்பானியத் தச்சரின் மரபு. அதனால் மெல்லிய அலகுகொண்டு நுண்ணிய வெட்டுகளை இட முடிந்தது. உருண்டை வடிவங்களுக்கோ, கிஜிஷி எனப்பட்ட கடைசற்காரர்கள் இருந்தனர். ஒருவர் வாரை மாறிமாறி இழுக்க, மற்றொருவர் முன்னும் பின்னும் சுழலும் கட்டையில் உளியைப் பிடிக்கும் ரொகுரோ என்னும் பொறியில் அவர்கள் கிண்ணங்களையும் தட்டுகளையும் கடைந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டு இளவரசர் கொரெதாகாவைத் தங்கள் தொழிலின் முதல்வராகப் போற்றி, ஓமி நாட்டின் ஒகுரா மலைப்பகுதியைத் தங்கள் பூர்வீகமாகக் கொண்ட அவர்கள், மரம் தேடி மலைதோறும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். குண்டுவடிவக் கூட்டைப் போன்ற குடைவான உருண்டை அத்தகைய மரபின் கைகளுக்கு அந்நியமானதன்று.

விளக்கு நன்றாக இருந்தும் மொத்த வணிகர்கள் அதை ஏற்கவில்லை. மின்கல விளக்கு என்றாலே விரைவில் ஓய்ந்துவிடும் என்ற பழைய அனுபவம் ஒரு தடை. அதற்கென்றே தொகுத்த கலம் தீர்ந்தால் மாற்று எங்கும் கிடைக்காது என்பது இன்னொரு தடை. இரண்டாவது நியாயமானதே. கிடங்கில் விளக்குகள் குவிந்துகொண்டிருக்க, மத்சுஷிதா சில்லறைக் கடைகளுக்கே ஆட்களை அனுப்பி, சில விளக்குகளை முன்பணம் இன்றி விட்டு, அவற்றில் ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு வரச் செய்தார். சொன்ன நேரம் எரிந்தால் மற்றவற்றை விற்றபின் பணம் தரலாம், இல்லாவிடில் ஒன்றும் தரவேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. கடைக்காரர்கள் தம் கண்முன்னே விளக்கு அணையாமல் நின்றதைக் கண்டனர். சில மாதங்களில் மொத்த வணிகர்களே தேடிவந்தனர்.

அடுத்த கட்டம் வேறோர் அளவில் நிகழ்ந்தது. 1927-இல் அவர் சைக்கிளிலிருந்து கழற்றிக் கையிலும் பிடிக்கக்கூடிய சதுர விளக்கை 'நேஷனல்' என்னும் பெயரில் வெளியிட்டு, 10,000 விளக்குகளை இலவசமாகக் கொடுக்கத் துணிந்தார். ஆண்டு முடிவதற்குள் 2 லட்சம் கலங்கள் விற்பதாக வாக்களித்து, அந்த 10,000 விளக்குகளுக்கான கலங்களை ஒகாடா என்னும் கல உற்பத்தியாளரிடம் விலையின்றிப் பெற்றார். ஆண்டு இறுதியில் விற்பனை 4,70,000-ஐ எட்டியது. 1931-இல் அவருடைய நிறுவனம் உலர் மின்கலத் தயாரிப்பையும் தானே ஏற்றது. இலட்சக்கணக்கில் ஒரே அளவில் வேண்டும்போது எஃகு அச்சின் விலை ஒவ்வொரு விளக்கிலும் காசுக்கணக்கில் கரைந்துபோகும். மரக்கூட்டின் கைவேலைக்கான கூலியோ எண்ணிக்கை கூடக் கூடக் குறைவதில்லை. உலகெங்கும் கைவிளக்கின் உடலைத் தகடும் பின்னர் நெகிழியும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். சைக்கிளின் மின்கல விளக்குக்கோ வேறு போட்டியும் வந்தது: மத்சுஷிதாவைப் பிரிந்த தோஷியோ இயூவே 1947-இல் தொடங்கிய சான்யோ நிறுவனம், சக்கரத்தோடு உரசிச் சுழலும் டைனமோ விளக்கைத் தன் முதல் சரக்காக்கியது. விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டிப் போலீசாரிடம் அகப்பட்ட தலைமுறைக்குத் தமிழகத்திலும் டைனமோ நன்கு பழக்கமானதே. மத்சுஷிதா நிறுவனத்தின் கூட்டுறவோடு 1972-இல் உருவாகிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோ நேஷனல் நிறுவனத்தின் நிப்போ பேட்டரிகள், ஒசாகாப் பட்டறையின் கலத்தொழிலைத் தமிழ் வீடுகளின் டார்ச் லைட்டுகளுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தன.

1990-களில் வெள்ளை ஒளி தரும் டையோடு வந்தபின், கைக்கருவிகளால் மரவிளக்கு செய்வோருக்கு மத்சுஷிதாவின் கணக்கு இன்னும் சாதகமாகத் திரும்பியுள்ளது. சிறிய வெள்ளை டையோடு ஒன்றுக்கு 20 மில்லிஆம்பியர் போதும். பயறுக் குமிழ் கேட்டதில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதை ஏற்ற 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும் என்பதால், கலங்கள் சற்றே தளர்ந்தாலும் மங்காதிருக்க இரண்டுக்குப் பதில் மூன்று கலங்களை அடுக்கி, மிகும் அழுத்தத்தை ஒரு சிறு தடையத்தால் குறைப்பதே முறை. மூன்று டி கலங்களின் நீளம் 183 மில்லிமீட்டராகும். அவ்வளவு நீளப் பள்ளத்தை இரு பாதிகளிலும் நேராகத் தோண்டுவதற்கு, கோணாத நார் ஓடும் கட்டையைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலையாகிறது.